இடக்கைக் கிடார்

எங்கள் தெருவில், தறிச் சத்தத்துக்கு நடுவில், ஒரு பெண் எலெக்ட்ரிக் கிடார் செய்து கொடுத்தாள் என்று சொன்னால் என் வயதுக்காரர்களே சிரிக்கிறார்கள். காஞ்சிபுரத்திலா, அந்தக் காலத்திலா, பொம்பளையா என்று மூன்று கேள்விகள் வரிசையாக வரும். காஞ்சிபுரத்தில்தான். அந்தக் காலத்தில்தான். பொம்பளைதான், என் கூடப்பிறந்த அக்கா. நம்புங்கள் என்று யாரையும் நான் கெஞ்சப்போவதில்லை. நீங்களும் நானும் ஒரே காலத்தில் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர்கள்தான். உங்கள் தெருவில் நடக்காத ஒன்று எங்கள் தெருவில் நடந்தது, அவ்வளவுதான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. தை முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய மாதங்கள். எனக்குப் பன்னிரண்டு வயது, அக்காவுக்கு இருபது. பிள்ளையார்பாளையத்தில் வீடு. முன்கூடத்தில் இரண்டு குழித்தறிகள்; ஒன்றில் அப்பா, இன்னொன்றில் அம்மா. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். முதலாளி கடையிலிருந்து பட்டும் ஜரிகையும் எடை போட்டு எங்கள் வீட்டுக்கு வரும். புடவையாக எடை போட்டுத் திரும்பிப் போகும். வீடு முழுக்க ஈரப் பட்டின் வாடை அடிக்கும். வெளியூர்க்காரர்கள் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். எங்களுக்கு அது தெரியவே தெரியாது.

அக்காவுக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிப்போயிருந்தது. தறிக்குழியில் உட்கார்ந்து மிதிக்க இரண்டு காலும் வேண்டும். "இவ தறிக்கு ஆவமாட்டா" என்று அவளுக்குப் பத்து வயதாகும்போதே முடிவு கட்டிவிட்டார்கள். பின்கட்டில் சமையலறையை ஒட்டி ஒரு சின்ன அறை. அங்கே ராட்டையின் முன்னால் உட்கார வைத்து, பட்டு இழையை எடுத்துத் தார்க்குச்சியில் சுற்றும் வேலையைக் கொடுத்தார்கள். நாள் முழுக்க சுற்றுவாள். கல்யாணத்துக்கும் ஆகமாட்டாள் என்பதை அவள் காதுபடவே பேசினார்கள். உறவுக்காரர்கள் அவளைப் பார்த்துப் பெருமூச்சு விடும்போது அவள் நேராக அவர்கள் முகத்தைப் பார்ப்பாள். பெருமூச்சு பாதியில் நின்றுவிடும்.

எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். வீட்டு வால்வு ரேடியோ ஒருநாள் ஊமையாகிவிட்டது. கடைத்தெரு மெக்கானிக் ஒரு மாதம் ஆகும் என்றார். அக்கா பின்பக்க அட்டையைக் கழற்றி நான்கு நாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐந்தாம் நாள் பாட்டு வந்தது. அதன்பிறகு மதராஸிலிருந்து தபாலில் ரேடியோ பாடப் புத்தகங்கள் வரவழைத்தாள். ஆங்கிலத்தில் இருக்கும், என் பள்ளிக்கூடத்து அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகப் படிப்பாள். ஒரு வருடத்துக்குள் தெருவில் இருந்த அத்தனை ரேடியோவும் எங்கள் பின்கட்டுக்கு வந்துபோயின. ஈயம் உருகும் வாடை பட்டு வாடையோடு கலந்தது. நைனாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் தெருக்காரர்கள் தன்னை மரியாதையாகக் கூப்பிட்டுப் பேசுவது பிடித்திருந்தது. அதனால் விட்டுவிட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் மாகறல்காரர் வந்தார். மாகறலில் விவசாயக் குடும்பம், ரைஸ் மில்லில் குமாஸ்தா வேலை, முகூர்த்த நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிடார். இருபத்தைந்து வயது இருக்கும். சாக்குப்பையில் சுற்றிய எதையோ சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்று கேட்டார்.

"ரேடியோ மெக்கானிக் வூட்ல இருக்காருங்களா?"

"இருக்காரு. உள்ள வாங்க" என்றாள் அக்கா பின்கட்டிலிருந்து.

உள்ளே வந்து சுற்றுமுற்றும் தேடினார். அக்காவைத் தவிர யாரும் இல்லை. அவர் முகம் போன போக்கு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

சாக்கிலிருந்து வெளியே வந்தது, மதராஸில் யாரோ விற்ற பழைய எலெக்ட்ரிக் கிடார். சத்தம் வரவில்லை. நான் அதற்கு முன்பு கிடாரைக் காலண்டர் படத்தில்தான் பார்த்திருந்தேன். அக்கா திருப்புளியால் திறந்தாள். கம்பிகளுக்குக் கீழே சோப்புக்கட்டி அளவில் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் காந்தம், காந்தத்தைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. கம்பி எங்கோ நடுவில் அறுந்திருந்தது.

"இவ்ளோதானா?" என்றாள் அக்கா. "நான் தெனம் பண்றதுதான் இது. பட்டுக்குப் பதிலா செம்பு."

மதராஸில் ரேடியோ சாமான் விற்கும் தெருவிலிருந்து மாகறல்காரர் அந்த மெல்லிய கம்பியை ஒரு உருளை வாங்கி வந்தார். மேலே மெருகு பூசிய கம்பி அது. ஒரு சுற்று இன்னொரு சுற்றைத் தொட்டாலும் மின்சாரம் தாவாது. அக்கா ராட்டையில் பொருத்திச் சுற்றினாள். எங்கள் ரேடியோவின் பின்பக்கம் கிராமபோன் மாட்டுவதற்கென்று ஒரு துளை உண்டு. அதில் கிடாரைச் செருகினார்கள். மாகறல்காரர் ஒரு கம்பியைத் தட்டினார். முன்கூடத்தில் இரண்டு தறியும் ஒரே நேரத்தில் நின்றன.

அவர் வாசிப்பதை அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டை அல்ல, அவர் முழங்கையை.

"ஏங்க, அந்தக் குமிழெல்லாம் உங்க முழங்கையில இடிச்சிக்கினே இருக்குதே?"

"நான் பீச்சாங்கைக்காரன்மா. இது சோத்துக்கைக்காரனுக்குப் பண்ணது. தலைகீழாத் திருப்பி வாசிக்கிறேன். எங்கப்பா சூடு வெச்சிக்கூடப் பாத்தாரு, கை மாறல." இடது மணிக்கட்டில் இருந்த தழும்பைக் காட்டினார். சிரித்துக்கொண்டேதான் காட்டினார்.

அக்கா சிரிக்கவில்லை. "கை மேல தப்பு இல்ல. பொட்டி மேலதான் தப்பு. இடக்கைக்குன்னே ஒண்ணு பண்ணித் தரேன், வாசிப்பீங்களா?"

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். நானும்தான்.

மறுநாளே வேலை ஆரம்பமானது. பழைய கிடாரைக் காலண்டர் தாளின் பின்புறம் படுக்க வைத்துச் சுற்றிப் பென்சிலால் வரைந்தாள். பிறகு தாளைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கச் சொன்னாள். நான் பிடித்தேன். தெரிந்த கோட்டின் மேலேயே மறுபக்கத்தில் வரைந்தாள். வலக்கைக் கிடார் இடக்கைக் கிடார் ஆகிவிட்டது. தாளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து ஒரு தரம் புருவத்தை உயர்த்தினாள். அதுதான் அவள் சந்தோஷம்.

மரத்துக்குத் தறி ஆசாரி வந்தார். தறியும், அதில் குறுக்கு இழையை ஓட்டும் நாடாவும் செய்கிறவர். தலையில் எப்போதும் மரத்தூள் இருக்கும். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? வீணைன்னா ஒரு குடம் இருக்கும். இது வெறும் பலகையா இருக்குதே. சத்தம் எங்கேர்ந்து வரும்?"

"சத்தத்துக்கு நானாச்சு. நீ பலகைக்கு ஆச்சு."

"திமிரப் பாரு" என்று சொல்லிக்கொண்டே பலா மரத்தில் உடம்பைச் செதுக்கிக் கொடுத்தார். கழுத்துக்கு, கோணாத மரம் வேண்டும் என்றாள் அக்கா. அதற்கு அவரே வழி சொன்னார். நெய்த புடவையைச் சுருட்டிக்கொண்டு போகும் படமரம் ஒன்று பழசாகி எங்கள் பரணில் கிடந்தது. "நாப்பது வருசம் புடவை இழுத்த கட்டை. இனிமே எங்க கோணப்போவுது?" அதை அறுத்துத்தான் கழுத்து. கழுத்தின் குறுக்கே பதிக்கும் உலோகக் கட்டைகளுக்குச் சைக்கிள் ஆரக்கம்பியை நானே அரத்தால் ராவினேன். இரண்டு கட்டைவிரலிலும் கொப்புளம். ராவியது போதாது என்று அக்கா ஏழெட்டைத் திருப்பிக் கொடுத்தாள். கோபத்தில் அழுதுகொண்டே மறுபடி ராவினேன். கம்பி முறுக்கும் சாவிகளுக்கு, மாகறல்காரர் தன் பழைய கிடாரிலிருந்தே கழற்றிக் கொடுத்துவிட்டார். அதைக் கொடுத்தபிறகு அவருக்கு வாசிக்க வேறு கிடார் கிடையாது. அப்போதுதான் இது விளையாட்டு இல்லை என்று எனக்கு உறைத்தது.

எல்லாவற்றிலும் கடினம் சுற்றுவதுதான். ராட்டைச் சக்கரம் ஒரு தடவை சுற்றினால், தார்க்குச்சி செருகும் கதிர் முப்பது தடவை சுற்றும். சக்கரத்தை நான் சுற்றுவேன், எண்ணுவதும் நான்தான். கம்பியை அக்கா இரண்டு விரல்களுக்கு நடுவில் பஞ்சு வைத்துப் பிடிப்பாள். கொஞ்சம் இறுகினால் அறுந்துவிடும், கொஞ்சம் தளர்ந்தால் சுற்று சரிந்துவிடும். முதல் தடவை என் தும்மலில் அறுந்தது. இரண்டாவது தடவை நான் எண்ணிக்கையைத் தவறவிட்டேன். அக்கா எல்லாவற்றையும் பிரித்தாள். மூன்றாவது தடவை இருநூற்று நாற்பது சக்கரம் சுற்றி முடித்தபோது எனக்குத் தோள் கழன்றுவிட்டது. மெழுகுவர்த்திகளை உருக்கி, சுற்றிய கட்டையை அதில் முக்கி எடுத்தாள். மெழுகு உள்ளே இறங்கிக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டால்தான் கிடார் கிறீச்சிடாது. ஆனால் மெழுகு இறங்கிவிட்டால் அந்தக் கம்பியைப் பிறகு பிரிக்கவே முடியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குள் தெரு வேறு கதை கட்டிவிட்டது. ஒரு வாலிபன் வாரத்துக்கு இரண்டு முறை சைக்கிளில் வருகிறான், பின்கட்டில் உட்காருகிறான் என்றால் தெருவுக்கு ஒரே ஒரு காரணம்தான் தெரியும். நைனா சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தார்.

"அந்தப் புள்ள நல்ல புள்ளயாத்தான் தெரியுது. வேற ஜாதிதான், இருந்தாலும் உன் நெலமைக்கு..."

அக்கா சோற்றிலிருந்து கையை எடுத்தாள். "என் நெலமைக்கு இன்னா? அவருக்கு நான் வேணாம், எனக்கு அவரு வேணாம். அவருக்கு கிடாரு வேணும். எனக்கு அதைப் பண்ணணும். இதுக்கு மேல இதுல ஒண்ணும் இல்ல நைனா."

ஒன்றும் இல்லைதான். கடைசி வரை ஒன்றும் இருக்கவில்லை. இதைச் சொன்னால் நீங்கள் இப்போதும் நம்பமாட்டீர்கள் என்று தெரியும். ஒரு ஆணும் பெண்ணும் ஒரு வேலையைப் பற்றி மட்டும் பேசிக்கொள்ள முடியும் என்பதை நம் தலைமுறை கடைசி வரை ஒத்துக்கொள்ளவே இல்லை.

இனி நான் செய்ததைச் சொல்லவேண்டும்.

அறுந்துபோன கம்பியில் ஒரு துண்டை எடுத்து விரலில் மோதிரம்போலப் பத்துப் பதினைந்து சுற்றுச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். வெயிலில் அது தகதகவென்று மின்னியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், முதலாளி கடைக் கணக்குப்பிள்ளையின் தம்பி மகள், "ஜரிகையாடி?" என்று கேட்டாள். இல்லை, செம்பு என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. "எங்கக்கா ஒரு பொட்டிக்குள்ள இதையே ஆயிரக்கணக்குல சுத்தி வெச்சிருக்கா" என்றேன். பெருமைதான். அவள் கண் விரிந்ததைப் பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது.

அந்த வாரம் முதலாளி கடையில் இரண்டு கண்டு ஜரிகை குறைந்திருந்தது. எனக்கு அது தெரியாது.

வியாழக்கிழமை மத்தியானம், நான் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது, கணக்குப்பிள்ளை வந்தார், கூட இரண்டு ஆட்கள். சனிக்கிழமை சாயங்காலம் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் மாகறல்காரர் வாசிக்கவேண்டும். கிடார் முடிந்து, வார்னிஷ் காய்ந்து, ராட்டைக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கணக்குப்பிள்ளை செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகப் பின்கட்டுக்கு நடந்தார். நைனா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

"தெற இதை" என்றார் கணக்குப்பிள்ளை.

அக்கா திறந்தாள். மெழுகுக்குள்ளே செப்புக் கம்பி பளபளத்தது.

"ஜரிகை."

"செம்புக் கம்பி. ரேடியோக்காரங்க விக்கிறது. தோ உருளை, மிச்சம் இருக்குது பாருங்க."

"உருளையில செம்பு இருக்கும்மா. உள்ள இன்னா இருக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நுனியைக் கொளுத்திப் பாருங்க. ஜரிகைன்னா உள்ள பட்டு இருக்கும், மசுரு கருகுற வாடை வரும்."

"நுனியில செம்பு வெச்சிட்டு உள்ள ஜரிகை சுத்த முடியாதா? பிரி."

"மெழுகு ஊத்தியாச்சு. பிரிக்க முடியாது. வெட்டத்தான் முடியும். நான் வெட்டமாட்டேன்."

அவள் குரல் ஏறவில்லை. ரேடியோவைத் திருப்பி வைத்தாள், கிடாரைச் செருகினாள். "இதைக் கேளுங்க. உள்ள ஜரிகையா இருந்தா ஒரு சுத்து இன்னொரு சுத்தைத் தொட்டுக்கினு ஊமையாப் போயிடும். சத்தமே வராது. சத்தம் வந்தா செம்பு." ரேடியோ சூடாகும் வரை எல்லோரும் நின்றார்கள். பிறகு ஆறு கம்பிகளையும் ஒரே இழுப்பாக இழுத்தாள். அடுப்படியில் டம்ளர்கள் அதிர்ந்தன. தெருவில் போனவர்கள் நின்றார்கள்.

அதைவிட நல்ல சாட்சி எந்தக் கோர்ட்டிலும் யாரும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் கேட்கிறவருக்குப் புரியவேண்டுமே. கணக்குப்பிள்ளை நைனாவைத்தான் பார்த்தார்.

"பொட்டி கத்துனா நீ யோக்கியன்னு ஆயிடுமாய்யா? முதலாளி கிட்ட நான் போய் இன்னா சொல்லட்டும்? பிரிக்கமாட்டேன்னு உன் பொண்ணு சொல்லுதுன்னு சொல்லட்டுமா?"

நைனாவின் முகம் வேர்த்தது. இருபது வருடமாக அந்தக் கடைக்கு நெய்கிறவர். தறியிலிருந்து புடவை அறுக்கும் கத்தி இடுப்பிலேயே இருந்தது. அக்கா தடுக்க எழுந்தாள். எழுந்து நிற்க அவளுக்கு எப்போதும் கொஞ்ச நேரம் ஆகும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் நைனா குனிந்து, மெழுகோடு சேர்த்துக் கம்பிக் கட்டைக் குறுக்கே வெட்டிவிட்டார். இரண்டு வெட்டு. கம்பிகள் துண்டு துண்டாகப் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்தன. "பாருங்கய்யா, பாருங்க" என்று அள்ளி நீட்டினார்.

கணக்குப்பிள்ளை ஒரு கொத்தை எடுத்துத் தீக்குச்சியில் காட்டினார். முகர்ந்தார். கீழே போட்டார்.

"சரி" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். மூன்று பேரும் போய்விட்டார்கள். காணாமற்போன அந்த ஜரிகை எங்கே போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பம் இல்லை.

அக்கா அழவில்லை. நைனா சட்டையை மாட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டார். அவள் தரையில் உட்கார்ந்து வெட்டுப்பட்ட கட்டையைத் திருப்பிப் பார்த்தாள். காந்தம் தப்பித்திருந்தது. ஒரு ஓரம் மட்டும் பெயர்ந்திருந்தது.

"ராட்டையை இழு" என்றாள் என்னிடம்.

நான் அசையவில்லை. எனக்குத் தேம்பல் வந்துவிட்டது. மோதிரத்தையும் பள்ளிக்கூடத்தையும் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சொன்னா இன்னா?" என்றாள். "நாம இன்னா மறைச்சா வெச்சிருந்தோம்? திருடினவங்கதான் வாயை மூடிக்கினு இருக்கணும். நீ நாளைக்கும் அந்த மோதிரத்தைப் போட்டுக்கினு போ."

மறுநாள் போட்டுக்கொண்டு போனேன். "செம்பு. பாத்துக்கோ" என்று கணக்குப்பிள்ளையின் தம்பி மகள் முகத்துக்கு நேரே விரலை நீட்டினேன். பிறகு எவ்வளவோ நகை போட்டாயிற்று. அந்தச் செப்பு வளையத்தை எந்த வீடு மாறும்போது தொலைத்தேன் என்று தெரியவில்லை.

வெட்டுப்பட்ட அன்று மத்தியானமே மறுபடி சுற்ற ஆரம்பித்தோம். எனக்குத் தேம்பல் இன்னும் அடங்கவில்லை. சக்கரம் வெட்டி வெட்டிச் சுற்றியது. அப்போது முன்கூடத்தில் அம்மாவின் தறி நின்றது. அம்மா அதிகம் பேசாதவள். முகூர்த்தப் புடவை பாதியில் இருக்கும்போது தறியை விட்டு இறங்கி நான் பார்த்ததே இல்லை. வந்து என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுச் சக்கரத்தைப் பிடித்தாள். "நீ எண்ணு" என்றாள். அம்மா சுற்றும்போது சக்கரம் சத்தமே போடவில்லை. நூற்று அறுபதாவது சுற்றில் உருளை காலியாகிவிட்டது. வேறு கம்பி வாங்க மதராஸ் போக நேரம் இல்லை.

"இன்னும் எம்பது வேணுமே" என்றேன்.

"இருக்கிறது இவ்ளோதான். முடி போடு" என்றாள் அக்கா.

பொழுது சாய்வதற்குள் நைனா திரும்பி வந்தார். கையில் புது மெழுகுவர்த்திப் பொட்டலம். யார் முகத்தையும் பார்க்காமல் ராட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அக்கா அதைத் தொடவில்லை. வெட்டுப்பட்ட கட்டையில் ஒட்டியிருந்த பழைய மெழுகைச் சுரண்டி எடுத்து அதையே உருக்கி ஊற்றினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் தானும் பந்தலுக்குப் போகவேண்டும் என்றாள் அக்கா. நைனா, "நம்மள யாரும் கூப்புடலயே" என்றார். "நான் கூட்டிக்கினு போறேன்" என்றாள் அம்மா. மூவரும் சைக்கிள் ரிக்‌ஷாவில் போனோம். பந்தல் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற பெரியவர் பொண்ணு வூடா, மாப்பிள்ளை வூடா என்று கேட்டார்.

"நாங்க கிடாரு வூடு" என்றாள் அம்மா.

முன்வரிசைக்குப் பின்னால் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தோம். கூம்பு ஒலிபெருக்கி, டிரம்ஸ், ஆர்மோனியம், தபேலா. வழக்கமாக இந்தச் சத்தக்காட்டில் கிடார் இருக்கும் இடமே தெரியாது என்று மாகறல்காரர் முன்பே சொல்லியிருந்தார். அன்று தெரிந்தது. மெல்லியதாக, கூர்மையாக, எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு வந்தது. சுற்று குறைந்ததால் வந்த குரல் அது என்று பிறகு அக்கா சொன்னாள். பந்தலில் சாப்பாட்டுப் பக்கம் போனவர்கள்கூடத் திரும்பி வந்து நின்றார்கள். மாகறல்காரர் நிமிர்ந்து நின்று வாசித்தார். முழங்கை எதிலும் இடிக்கவில்லை.

பாட்டு முடிந்ததும் குழுத் தலைவர் மைக்கிலேயே, இந்தக் கிடார் எங்கே வாங்கியது என்று கேட்டார். மாகறல்காரர் கையை நீட்டி அக்காவைக் காட்டினார். இடது கையை. பெரியவர்கள் இருக்கும் சபையில் இடக்கையை நீட்டுவது எவ்வளவு பெரிய மரியாதைக்குறைவு என்று உங்களுக்குத் தெரியும். அவர் நீட்டிய கையை மடக்கவே இல்லை. முழுப் பந்தலும் அக்காவைத் திரும்பிப் பார்த்தது. முதலில் முகத்தை, பிறகு காலை. அக்கா எழுந்து நிற்கவும் இல்லை, கும்பிடவும் இல்லை. என் காதில் சொன்னாள்: "மூணாவது கம்பி இரையுது. நாளைக்கு எடுத்துக்கினு வரச் சொல்லு."

பாதியில் விட்டிருந்த அந்த முகூர்த்தப் புடவையை அம்மா பத்து நாளில் நெய்து முடித்தாள். அறுத்து மடித்துத் தானே முதலாளி கடைக்கு எடுத்துப் போனாள். அவள் அந்தப் படியேறியதே அதுதான் முதல் தடவை. நானும் கூடப் போயிருந்தேன். எடை சரியாக இருந்தது. அடுத்த புடவைக்குத் தறியில் ஏற்றவேண்டிய பாவு நூலைக் கணக்குப்பிள்ளை எடுத்து வைத்தார்.

"வேணாங்க" என்றாள் அம்மா. "எங்க வூட்டுக்குள்ள செருப்புக் காலோட வந்தவங்க பாவு எங்க தறியில ஏறாது."

நைனா ஒரு வாரம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்தார். முதல் சில மாதங்கள் கஷ்டம்தான். ஒரு வேளை சாப்பாடு கேழ்வரகுக் கூழில் ஓடியது. யாரும் அக்காவைக் குறை சொல்லவில்லை. அம்மா சொல்லவிடவில்லை.

அதன்பிறகு ஏழெட்டு வருடங்களில் அக்கா பதினோரு கிடார் செய்தாள். சுண்டுவிரல் இல்லாத ஒருவருக்குக் கழுத்தை ஒடுக்கிச் செய்தாள். செங்கல்பட்டிலிருந்து வந்த மெலிந்த பெண் ஒருத்திக்கு, தோள் வலிக்காத எடையில் ஒன்று. ஆள் வந்து நின்றால் முதலில் கையையும் தோளையும் நூல் போட்டு அளப்பாள், பிறகுதான் மரம். எல்லோரும் வேண்டும் என்று கேட்டது மாகறல்காரர் கிடாரின் அந்தச் சத்தம். எல்லாவற்றுக்கும் நூற்று அறுபது சக்கரச் சுற்றுதான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நைனாவுக்கு வயதாகி, தறியை விட்டு நாற்காலிக்கு வந்தபிறகு, பின்கட்டுக்கு யார் வந்தாலும் ஒரு கதை சொல்வார். "அன்னிக்கு நான் மட்டும் அந்தக் கம்பியை வெட்டலேன்னா இந்தச் சத்தமே பொறந்திருக்காது தம்பி." சொல்லிவிட்டுச் சிரிப்பார். கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். நானே என் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். கெட்டது நல்லதாக முடிந்தது என்று சொல்ல நம் எல்லோருக்கும் ஆசை.

ஒருநாள் பழைய கிடார் ஒன்றைப் பழுது பார்க்கக் கல்லூரிப் பையன் ஒருவன் வந்திருந்தான். நைனா அதே கதையை ஆரம்பித்தார். நானும் அங்கே இருந்தேன். அக்கா ஈயம் வைத்துக்கொண்டிருந்தாள். ஈயம் உருக்கும் சூட்டுக்கோலைத் தாங்கியில் வைத்துவிட்டுத் திரும்பினாள். அவளுக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும்.

"நைனா, நீ வெட்டினது வெட்டினதுதான். அதுலேர்ந்து சத்தம் வரல. கம்பி தீந்து போச்சு, இருந்ததை வெச்சி நான் சுத்தினேன். அம்மா சுத்திச்சு. அதுலேர்ந்துதான் வந்துச்சு. வெட்டினதுக்கு நீ ஒரு தபாகூட வருத்தப்பட்டது கெடையாது. இதை உன் கணக்குல சேத்துக்காத."

பையனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "வயசானவரு, வுடுக்கா" என்றேன். அவள் என்னை முறைத்தாள். நைனா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"பயந்துக்கினு வெட்டிட்டேம்மா" என்றார். "நீ திருடலேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வெட்டினேன்."

முப்பது வருடமாகிவிட்டது அதைச் சொல்ல. அக்காவின் கண் கலங்கியதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு மறுபடி வேலையைக் கையில் எடுத்தாள்.

"இதைச் சொல்லு, அந்தப் புள்ள கிட்ட" என்றாள்.

நைனா நாற்காலியை அந்தப் பையன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.